திருப்பதி மொட்டையும் கொரியக் குளியலும்

கியோங்ஜு, கொரியா
24 அக்டோபர்

என் முடியைப் பெருமாளுக்குத் தாரை வார்த்த அம்மாவுக்கு,

தரணி எழுதறது. போன்ல பேசினா கத்திடுவேன். அதான் பேப்பர்ல எழுதி, போட்டோ புடிச்சு, திலீப் அண்ணன் போனுக்கு அனுப்பறேன்.

காலேஜ் ஆளுங்க எல்லாரும் சுகம். மலைமேல ஒரு புத்தர் கோயில்ல தங்கியிருக்கோம். இங்க பெண் துறவிங்க எல்லாம் மொட்டை. என்னைப் பாத்ததும் ரெண்டு பேர் ஓடி வந்து குனிஞ்சு கும்புட்டாங்க. இந்தியாவுலருந்து துறவி வந்திருக்குன்னு நெனச்சிக்கினாங்களாம்! அதுலருந்து எங்க கிளாஸ் சாய்குமார் என்னை 'சாமியாரம்மா'ன்னுதான் கூப்புடறான்.

எனக்கு விசா கெடைக்கணும்னு வேண்டிக்கினே, சரி. உன் முடியக் குடுக்க வேண்டியதுதானே? என்னைக் கேக்காம என் தலைய எதுக்குப் பேசி வெச்சே? அண்ணன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். திருப்பதி ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன். முடி வளரட்டும், அப்புறம் வந்து அண்ணியப் பாக்கறேன்.

கோவத்தோட,
தரணி

நகரி
25 அக்டோபர்

என் கண்ணு தரணிக்கு,

அம்மா எழுதறேன். உன் லெட்டரை அண்ணன் படிச்சுக் காட்டினான். உங்க நைனா தறிய நிறுத்திட்டு வந்து கேட்டாரு. கும்புட்டாங்கன்ற எடத்துல சிரிச்சாரு. நான் சிரிக்கல.

கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு சொல்லாதடி. நாராயணவனம் கோயில்ல அண்ணன் தாலி கட்டும்போது மீதி ரெண்டு முடிச்சு போட உன்னை விட்டா யாரு இருக்காங்க? உனக்குன்னு புத்தூர்ல ஒரு விக் வாங்கி வெச்சிருக்கேன். இடுப்பு வரைக்கும் பின்னல். நைனா வழுக்கத் தலையோட ஊரெல்லாம் சுத்தலயா? அவரு யாருக்காவது வெக்கப்பட்டாரா?

இன்னொண்ணு. கூட்டமா குளிக்கற எடத்துக்குக் கூட்டிக்கினு போவாங்கன்னு சொன்னியே. பையில உள்பாவாடை வெச்சிருக்கேன். மாருக்கு மேல இறுக்கிக் கட்டிக்கினு தண்ணியில எறங்கு.

உன் பேச்சுக்கு ஏங்கற
அம்மா தேவயானி

பூசான்
28 அக்டோபர்

அம்மா, அம்மா, அம்மா!

உன் பாவாடைய நெருப்புல போட!

நேத்து பொதுக் குளியல்கூடத்துக்குப் போனோம். பெரிய பெரிய தொட்டி, ஆவி பறக்கற வெந்நீர். உள்ள ஒரு பொம்பள மேலயும் ஒட்டுத் துணி கெடையாது. நான் மட்டும் நீ சொன்னாப்ல கட்டிக்கினு எறங்கினேன். எறங்கினதும் பாவாடை காத்து புடிச்சு பூசணிக்கா மாதிரி உப்பி மேல வந்துடுச்சு. நடுவுல என் மொட்டை! எங்களக் கூட்டியாந்த மோகனப்ரியா மேடம் சிரிச்ச சிரிப்புல வழுக்கி விழுந்தாங்க. துணியோட எறங்கக் கூடாதுன்னு வேலை செய்யற அம்மா வந்து திட்டினாங்க. திட்டிக்கினே என் தலையப் பாத்தாங்க. அவ்ளோதான், கையெடுத்துக் கும்புட்டு குனிஞ்சிட்டாங்க. தொட்டியில இருந்த பாட்டிங்களும் அப்படியே, பொறந்த மேனிக்கு எழுந்து கும்புட்டாங்க. என்ன பண்ணுவேன்? பாவாடைய அவுத்துப் போட்டுட்டு நானும் கும்புட்டேன்.

நான் துறவி இல்ல, எங்க அம்மா வேண்டுதல்னு மேடம் கொரிய மொழியில சொன்னாங்க. அந்த வேலைக்கார அம்மா என் முதுகு தேச்சிக்கினே, அவங்களும் மகன் பரீட்சைக்காகக் கோயில்ல விழுந்து விழுந்து கும்புட்டதைச் சொன்னாங்க. "உங்கம்மாவுக்கு உன்மேல அவ்ளோ ஆசையா?"ன்னு மேடம் வழியாவே கேட்டாங்க. ஆமான்னு சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துடுச்சு. வெந்நீர்ல யாருக்கும் தெரியல.

வெளிய எல்லாரும் தலை காய வெச்சிக்கினு நிக்க, நான் மொதல்ல போய் அங்க விக்கற அவிச்ச முட்ட துன்னேன். சாய்குமாருக்கு மிச்சமே இல்ல.

கல்யாணத்துக்கு வர்றேன். மொட்டையோடதான் முடிச்சு போடுவேன். விக்கைத் திருப்பிக் குடுத்துடு.

உன் சாமியாரம்மா
தரணி

நகரி
29 அக்டோபர்

என் தங்கத்துக்கு,

அடிப்பாவி, ஒரு நாள் முந்தி எழுதக் கூடாதா?

உன் முடியக் குடுக்க வேண்டியதுதானேன்னு கேட்டியே, அது மூணு நாளா மனசுல குத்திக்கினே இருந்துச்சு. ஞாயமாத்தான் பட்டுது. நேத்து மலைக்குப் போய்ட்டேன். உன் லெட்டர் அண்ணன் போனுக்கு வந்தப்ப என் தலையில பாதி போயாச்சு.

வீட்டுக்கு வந்து லெட்டரைக் கேட்டு, சிரிக்கறதா அழுவறதா தெரியாம ரெண்டையும் பண்ணேன். தலை லேசா, குளுகுளுன்னு இருக்குடி. சந்தனம் அரைச்சு வெச்சிருக்கேன், ரெண்டு தலைக்கும் ஆவும்.

விக்கைக் கடக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான். உங்க நைனா கத்திரிக்கோலால பின்னலை நறுக்கிட்டு தலையில மாட்டிக்கினாரு. காலையிலருந்து கண்ணாடிய விட்டு நகரல. கல்யாணத்துக்கும் அதோடதான் வருவாராம். சீக்கிரம் வந்து சேரு கண்ணு, நான் ஒருத்தியா சொன்னா கேக்கமாட்டேங்கறாரு.

உன் மொட்டை
அம்மா