அங்கன்வாடியின் புது அலமாரிகள்

அன்பு மகன் சிபிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையில் நானும் உன் அப்பாவும் மூன்று வேளை சாப்பிட்டு, இரண்டு வேளை சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன், சண்டை மட்டும் வேண்டாம். போனில் சொல்ல வந்தால் 'அம்மா, சைட்ல நிக்கேன், பொறவு விளிக்கேன்' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஜெயஷீலாவின் மருமகன் வெள்ளிக்கிழமை சார்ஜாவுக்குத் திரும்புகிறார், அச்சப்பத்தோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். உன் அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் வாரம் ஒரு நாள் தம்பானூர் டிப்போவுக்குப் போய்ப் பழைய டிரைவர்களோடு சாயா குடிக்காவிட்டால் அவருக்கு உறக்கம் வருவதில்லை. மழை நன்றாகப் பெய்கிறது.

புது அங்கன்வாடியின் படத்தை உனக்கு அனுப்பினேன் அல்லவா. சுவரில் யானை, ரயில், சுவர் நீளத்துக்குக் கதவு வைத்த அலமாரிகள், மேலே ஏ.சி. 'எங்க ஆபீஸ விட நல்லா இருக்கே அம்மா' என்று நீ பதில் போட்டாய். படத்தில் வாடை தெரியாதே மகனே. பலூன் கட்டிப் பிள்ளைகளை வரவேற்கிற பிரவேசனோற்சவ நாளுக்குள் திறந்தே ஆகவேண்டும் என்று வார்டு மெம்பர் ஜிஜி ஒற்றைக் காலில் நின்றாள். மரவேலை யூசுப் அலமாரிக்குக் கடைசிப் பூச்சு அடித்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் உள்ளே வந்தது வியாழக்கிழமை காலை. ஏ.சி. தானமாக வந்தது, குளிர் வீணாகப் போகக் கூடாது என்று சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டோம். இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். பழைய வாடகைக் கட்டடத்தில் கறையான் என் ரிஜிஸ்தர்களைத் தின்றது உனக்கு நினைவிருக்கும். கர்ப்பிணிகள் ரிஜிஸ்தரில் பாதிப் பெண்களைக் காணோம் என்று சூப்பர்வைசர் என்னை எல்லோர் முன்பும் நிற்க வைத்துப் பேசினார். அந்தப் பயத்தில் கறையான் வராமலிருக்க நானே யூசுப்பிடம், 'சிதல் மருந்து நல்லா ரெண்டு தடவை அடியுங்க, பிள்ளையளுக்க சாமான் வைக்கிற தட்டுலயும் அடியுங்க' என்று சொன்னேன். அவர் தயங்கினார். 'டீச்சரே, இது கடுப்பமான மருந்தாக்கும்' என்றார். 'எனக்க ரிஜிஸ்தர் போனா எனக்க ஜோலி போவும்' என்றேன். காகிதத்தைக் காப்பாற்ற நினைத்தவளுக்கு, அந்தத் தட்டிலிருந்து பொம்மையை எடுத்து வாயில் வைப்பது யார் என்று தோன்றவில்லை. இருபத்தாறு வருடம் பிள்ளைகளோடு இருந்தவள் நான். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் பிள்ளைகள் கண்ணைக் கசக்கினார்கள், புது இடம், அழுகை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் இருமல், மழைக்காலம் என்று நினைத்தேன். மத்தியானம் கஞ்சி குடித்ததும் அவர்களைப் பாயில் படுக்க வைப்போம், அலமாரியின் அடித்தட்டுக்கும் அவர்கள் மூக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. மூன்றாம் நாள் அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கப் போகிற பிரிஸில்லாவின் மகள் ஸ்நேகாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மூன்று வயதுப் பிள்ளை, விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. ஆட்டோ பிடித்துத் தாலுகா ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டாக்டர் பிரிஸில்லாவிடம், வீட்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்தீர்களா என்று கேட்டார். 'எங்க வீட்டுல பெயிண்டா? செவரே பூசல டாக்டரே' என்றாள் அவள். அப்படியானால் பிள்ளை பகல் முழுக்க எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைக்கு இழுப்பு அடங்கி வெளியே வந்ததும், 'டீச்சரே, எனக்க வீட்டுல ஒண்ணும் இல்ல, பிள்ளைக்கி மூச்சாவது இருந்தது' என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை பதினெட்டுப் பிள்ளைகளையும் கையைப் பிடித்து நடத்திச் சர்ச்சின் ஞாயிறு பள்ளிக் கொட்டகையில் கொண்டு உட்கார வைத்தேன். அரை மணி நேரத்தில் ஜிஜி ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். 'டீச்சரே, பஞ்சாயத்துக்க முகத்துல கரி தேய்க்காதீங்க. புதுசுன்னா கொஞ்சம் மணம் இருக்கும், கல்யாணப் பட்டுக்கு இல்லியா?' என்றாள். பின்னாலேயே காண்டிராக்டர் மஹேஷ். 'வாட்டர்ப்ரூஃப் பலகையாக்கும் டீச்சரே, வெந்நீர்ல போட்டு வேவிச்சாலும் ஒண்ணும் ஆவாது' என்றான். 'பிள்ளையள வேவிக்க இல்ல, மூச்சு விட விட்டிருக்கேன்' என்றேன். அன்றைக்குத்தான், பலகை வேலை தெரிந்தவன் என்று உன்னைக் கூப்பிட்டேன். பத்து நாளில் வாடை போய்விடும் என்றாய், எப்படித் தெரியும் என்றேன், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, பலகையை ஒட்டுகிற பிசினிலிருந்து மாதக் கணக்கில் வாயு வரும் என்றும், அது குறைவாக வருகிற தரம் உண்டு என்றும், 'கேட்டாத்தான் தருவாங்க அம்மா, யாரும் கேக்க மாட்டாங்க' என்றும் சொன்னாய். அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜிஜியிடம் எஸ்டிமேட்டை வாங்கிப் பார்த்தேன். பலகையின் கனம் எவ்வளவு, நிறம் என்ன, தண்ணீர் தாங்குமா, டைல்ஸ் பளபளக்குமா, எல்லாம் எழுதியிருக்கிறது. அது அறைக்குள் எதைக் கசியவிடும் என்று ஒரு வரி இல்லை. எழுதியவர்கள் நாற்காலியில், திறந்த சன்னல் பக்கத்தில் இருந்து எழுதியிருப்பார்கள். தரையில் படுக்கப் போகிறது கூலிக்குப் போகிறவளின் பிள்ளைதானே, யாருக்கு என்ன.

நான் சண்டை போடவில்லை, கமிட்டி கூட்டம் போட்டேன். புது அறையில், மத்தியானம் ஒரு மணிக்கு, பிள்ளைகள் உறங்குகிற நேரத்தில், ஏ.சி. போட்டு, சன்னலை அடைத்து. நாற்காலியெல்லாம் சர்ச்சில் இருக்கிறது என்று சொல்லி, ஜிஜி, மஹேஷ், அம்மாமார் எல்லோரையும் அலமாரி ஓரம் பாயில் உட்கார வைத்துவிட்டு, முந்தைய கூட்டத்தின் மினிட்சை ஒரு வரி விடாமல் மெதுவாக வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் மஹேஷுக்கு இருமல். ஜலதோஷம் என்றான். கூப்பிடாமலே வந்து மூலையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, 'மஹேசே, கொஞ்சம் வெந்நீர் கொண்டு வரட்டா?' என்று கேட்க, அம்மாமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஜிஜியின் கண்மை ஒழுகிவிட்டது. நான்காம் பக்கம் வாசிக்குமுன் அவளே எழுந்து ஒவ்வொரு சன்னலாகத் திறந்தாள். திறந்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே, 'என்ன எழுதணும்னு சொல்லுங்க டீச்சர்' என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், திறந்தது அவள் கைதான்.

அலமாரிகளைக் கழற்றிவிட்டோம். கழற்றியதை யாராவது பாவப்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்று மஹேஷ் ஆரம்பித்தான். 'பாவப்பட்டவங்களுக்கு மூக்கு வேறயா?' என்று பிரிஸில்லா கேட்டாள், அதோடு அவன் நிறுத்திக்கொண்டான், பலகை பஞ்சாயத்து ஷெட்டில் கிடக்கிறது. யூசுப் பழைய ஆஞ்சிலி மரப் பலகையில் திறந்த தட்டுகள் செய்து தந்தார், பூச்சு எதுவும் இல்லை. ரிஜிஸ்தர்கள் இரும்புப் பெட்டிக்குள் போயின, இந்த யோசனை எனக்கு முதலிலேயே வந்திருக்கக் கூடாதா. அறையை மூன்று வாரம் காற்றாட விட்டோம். அடுத்து கட்டப்போகிற இரண்டு அங்கன்வாடிகளின் எஸ்டிமேட்டிலும் வாயு குறைந்த தரத்துப் பலகைதான் வேண்டும், முத்திரையை டீச்சரிடம் காட்ட வேண்டும், பிள்ளைகள் கைபடுகிற இடத்தில் சிதல் மருந்து கூடாது, வேலை முடிந்து ஒரு மாதம் சன்னல் திறந்து கிடந்த பிறகே பிள்ளைகளை ஏற்றலாம் என்று எழுதிவிட்டார்கள். இரண்டே இரண்டு கட்டடம்தான், இருந்தாலும் எழுத்தில் வந்துவிட்டது. யூசுப்பைப் பற்றி மட்டும் எங்கேயும் எழுதவில்லை. பதினெட்டு வருடமாக இந்தப் பலகையை அடைத்த அறைக்குள் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் அறுக்கிறவர், கண் எப்போதும் சிவந்தே இருக்கிறது. கேட்டால் 'எனக்கு இது சீலமாயிப்போச்சு டீச்சரே' என்கிறார். பழகிப்போனதாம். அடுத்த கூட்டத்தில் இதை எடுப்பேன், ஜிஜி முகத்தைச் சுளிக்கட்டும்.

நீயும் அங்கே எஸ்டிமேட் போடுகிறவன்தானே. போன வாரம் பேசியபோது, வெளியே தெரிகிற இடத்துக்கு நல்ல பலகை, உள்ளே தெரியாத இடத்துக்கு மலிவான பலகை, அப்படித்தான் தொழில் என்றாய். மூச்சு உள்ளேயும் போகும் மகனே. பெரிய வீரம் ஒன்றும் காட்டச் சொல்லவில்லை, உன் வேலை போக வேண்டும் என்றும் இல்லை. நல்ல தரத்தை நீ எழுதி வை. வெட்ட வேண்டுமானால் உன் முதலாளி தன் பேனாவால் வெட்டட்டும். உங்களுக்குப் புதிதாகப் பலகை வைத்துத் தடுத்துக் கொடுத்திருக்கிற அறையில் காலையில் எழுந்தால் தலை கனக்கிறது என்றும் அப்போதுதான் சொன்னாய், அதைச் சாதாரணமாகச் சொன்னாய். அந்த அறைக்குச் சன்னல் உண்டா, திறக்குமா என்று எனக்கு எழுது. திறக்காது என்றால் வேறு அறை கேள், கூட இருக்கிற பையன்களையும் சேர்த்துக்கொண்டு கேள்.

போன திங்கட்கிழமை பிள்ளைகளைத் திரும்பவும் புது அறைக்குக் கூட்டி வந்தோம். பிரிஸில்லா அரை நாள் லீவு போட்டு வாசலிலேயே நின்றாள், நான் போகச் சொல்லவில்லை. கஞ்சி குடித்ததும் ஸ்நேகா தன் பாயைத் தானே இழுத்துக்கொண்டு போய்ச் சன்னலுக்கு அடியில் போட்டாள். சாரல் அடித்து ஓரம் நனைந்தது, நகர மாட்டேன் என்றாள். நான் பக்கத்தில் இருந்து அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நூறுவரை எண்ணினேன், இழுப்பு இல்லை. பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது, பிரிஸில்லா வந்து என் தோளைத் தட்டி, 'டீச்சரே, பிள்ளையள் எழும்பியாச்சு, நீங்கதான் உறங்குறீங்க' என்றாள்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார். சன்னல் விஷயம் எழுத மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஞா. தங்கபாய்