கண்ணாடிப் பெட்டிக்குள் பாதிக் கவிதை

தினமும் மருந்து வாசனையோடு வீடு திரும்பிய என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. நீங்கள் கம்பவுண்டராக வேலை பார்த்த டாக்டர் சாகும்போது உங்களிடம் ஒப்படைத்த கையெழுத்துக் கவிதைப் புத்தகம் இப்போது பெரிய மனிதர்கள் கைக்குப் போய்விட்டது. நான்தான் கொடுத்தேன். டாக்டருக்குக் கட்டும் நினைவு மண்டபத்தில் வைக்கிறோம் என்று சங்கத் தலைவரான அந்த மரக்கடை முதலாளி, அலோன் துறைமுகத்துப் பக்கம் நம் வீட்டு வாசலுக்கே வண்டியில் வந்து கேட்டார். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உங்கள் டாக்டர் குவேக்கர் சபைக் கிறிஸ்தவர். எவனுக்கும் தொப்பியைக் கழற்றாத வெள்ளைக்காரர், பட்டம் சொல்லி யாரையும் அழைக்காதவர். அவர்கள் வழிபாடே வாய்மூடி உட்கார்ந்திருப்பதுதான் என்று சொல்வீர்கள். அவர் மண்டபத்துக்குத் திறப்பு விழா எப்படி நடந்தது தெரியுமா? பேண்டு வாத்தியம், பன்னீர், 'மகா கனம் பொருந்திய' என்று ஆளாளுக்குப் பேச்சு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

விழாவுக்கு முன்பே ஒரு காரியம் செய்தார்கள். புத்தகத்தின் கடைசி இரண்டு தாள்களைக் கத்தியால் அறுத்து என்னிடமே நீட்டினார் தலைவர்.

"இது டாக்டர் எழுத்து இல்லம்மா, உங்கப்பா கம்பவுண்டர் கிறுக்கினது. அதுவும் தமிழ்ல. அடுப்புல போட்டுக்க."

சொன்னவரும் தமிழர்தான். நீங்கள் ஏன் தமிழில் எழுதினீர்கள் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வாந்திபேதி வந்த வருஷத்தைப் பற்றி டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். 'நான் காப்பாற்ற முடியாமல் போனவர்களின் பெயர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியதும் கை நடுங்கிவிட்டது. பேனாவை உங்களிடம் கொடுத்து, பெயர்களை அவர்கள் எழுத்திலேயே எழுது என்றாராம். எத்தனை தடவை சொன்னீர்கள், அப்போது காது கொடுத்தேனா?

கண்ணாடிப் பெட்டியில் இப்போது அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைத்திருக்கிறார்கள். வரி பாதியில் நிற்கிறது. விழாவில் தலைவர் அதைக் காட்டி, எழுதும்போதே எமன் பேனாவைப் பிடுங்கிவிட்டான் என்று கைக்குட்டை நனைய அழுதார். அதற்குப் பிறகு டாக்டர் இரண்டு வருஷம் கஞ்சி குடித்துக்கொண்டு இருந்ததை இந்த ஆளுக்கு யார் சொல்வது? பக்கத்தில் இருந்தவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் தோன்றியது.

தாள்கள் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. முனியாண்டி, காதர் மீரா, சின்னப்பன் என்று அலோன் துறையில் மூட்டை தூக்கியவர்களின் பெயர்கள் வரிசையாகப் போகின்றன. கடைசியில் ராக்காயி. அம்மா பெயரை எழுதும்போது உங்கள் கை நடுங்கவே இல்லையே அப்பா, எப்படி?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போகிறேன். அந்தப் பெட்டி முன் நின்று, வரி நின்ற இடத்திலிருந்து மீதியை உரக்க வாசிப்பேன். வெளியே தள்ளினால் வாசலில் நின்று வாசிப்பேன். தலைவர் வேண்டுமானால் இன்னொரு தடவை அழட்டும். அம்மா பெயர் வரும்வரை நான் நிறுத்தமாட்டேன்.

கம்பவுண்டருக்கும் ராக்காயிக்கும் பிறந்த மகள்,
செல்லம்மா