x = 2-இல் ஒரு துளை

மார்ச் 4, திங்கள்
சுருளி இன்று என் கணக்குக் குறிப்பு முழுவதையும் பார்த்து எழுதிக்கொண்டாள். (சுருட்டை முடிக்காரி, பட்டப்பெயர் நான் வைத்தது.) வியாழக்கிழமைத் தேர்வில் பாதி மதிப்பெண்ணாவது எடுக்காவிட்டால் அவளைக் கணக்குப் பிரிவிலிருந்து மாற்றிவிடுவார்கள். ஆறு வருடமாக ஒரே பெஞ்சு. “உன் நோட்டை அப்படியே முழுங்கிட்டுப் போறேன்டி,” என்றாள். பெருமையாக இருந்தது.

மார்ச் 5
என் குறிப்பு: பின்னத்தின் மேலே இருக்கும் தொகுதி பூஜ்யமானால் வரைபடம் x அச்சை வெட்டும். கீழே இருக்கும் பகுதி பூஜ்யமானால் செங்குத்துத் தொலைத்தொடுகோடு: வரைபடம் அதை நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. சுருளி மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

மார்ச் 7, வியாழன்
கடைசிக் கேள்வி, (x² − 4)/(x² − 5x + 6). பத்து மதிப்பெண். என் குறிப்பின்படி, மேலே பூஜ்யம் 2, −2. கீழே 2, 3. அப்படியானால் இரண்டில் வரைபடம் அச்சை வெட்டவும் வேண்டும், அங்கே இருக்கும் கோட்டைத் தொடவும் கூடாது. அது எப்படி முடியும்?

பேனா நின்றுவிட்டது. காரணிப்படுத்தச் சொல்லி நான் எழுதவே இல்லை. மேலும் கீழும் (x − 2) இருக்கிறது. அடித்துவிட்டால் இரண்டில் கோடும் இல்லை, வெட்டும் இல்லை. வெறும் துளை.

என் விடையைத் திருத்தினேன். தேர்வுக்காக மாற்றி உட்காரவைத்ததில் மூன்று வரிசை முன்னால் சுருளி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள் — என் நோட்டை முழுங்கிவிட்டு.

மார்ச் 8
அம்மா கேட்டாள்: “உடம்பு சரியில்லையா, கணக்கு சரியில்லையா?” இரண்டும் என்றேன்.

மார்ச் 10
இன்னும் சொல்லவில்லை. கோழை.

மார்ச் 11
பள்ளி வாசலிலேயே சொல்லிவிட்டேன். “என் நோட்டு தப்புடி. உன்னையும் கெடுத்துட்டேன்.”

“தெரியும்,” என்றாள் சுருளி, ஆப்பிளைக் கடித்துக்கொண்டே. “நீ சொன்ன மாதிரி ரெண்டுல கோடு போட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு 1.9 போட்டுப் பாத்தா மைனஸ் மூணரை. 2.1 போட்டா மைனஸ் நாலரை. கோடுன்னா மேலயோ கீழயோ ஓடணுமே, எங்கயும் ஓடல, சாதுவா மைனஸ் நாலு பக்கத்துலயே நிக்குது. கோட்டை அழிச்சுட்டு, அந்த இடத்துல ஓட்டைன்னு ஒரு குட்டி வட்டம் போட்டேன்.”

“உனக்கு எப்படித் தோணிச்சு?”

“எனக்குத்தான் காரணிப்படுத்த வராதே. எப்பவும் நம்பர் போட்டுத்தான் பாப்பேன். ஏன்டி அழற?”

அழவில்லை. கொஞ்சம்தான்.

மார்ச் 13
சுருளி நாற்பதுக்கு இருபத்து மூன்று! மாற்றவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 14
புதுப் பாடம். குறிப்பின் முதல் வரி எழுதியதுமே சுருளி நோட்டின்மேல் கையை வைத்தாள். “இரு. ஒரு நம்பர் போட்டுப் பாத்துக்கறேன்.”

இருந்தேன்.