ஐந்தரை மணி போணி

செவிலிமேடு
4-8-2025

அன்புள்ள காவேரிக்கு,

கைலாசம் எழுதுவது. நான் நலம். அங்கே நீயும், உன் அண்ணன் வீரபாகுவும், அண்ணியும் நலம்தானே? அண்ணியின் காலில் மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு வாரம் ஆகிவிட்டது என்பதே வாலாஜாபாத் பஸ் கண்டக்டர் தினகரன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பத்து நாளில் வருகிறேன் என்று போனவள் நீ. இன்றோடு முப்பத்து மூன்று நாள்.

பேசலாமென்றால் உன் போனை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உன் அண்ணன் போனில் கூப்பிட்டால், "அது பேச மாட்டேங்குது மாப்ளே, நான் இன்னா பண்றது" என்கிறார். கடைசியில் தபாலாபீஸுக்குப் போய்க் கவர் வாங்கி வந்தேன். கல்யாணத்துக்கு முன்புகூட நான் யாருக்கும் கடிதம் எழுதியவனில்லை. கை வலிக்கிறது.

கடை நன்றாக ஓடுகிறது. ரொக்கம் வாங்குவதில்லை என்று போர்டு வைத்தபிறகு சில்லறைச் சண்டை கிடையாது. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போனைக் காட்டிவிட்டுப் பொட்டலத்தோடு பறந்துவிடுகிறார்கள். நம் பையன் தினேஷ் வாங்கிக் கொடுத்த பெட்டி, பணம் வந்ததும் 'நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்று கணீரென்று சொல்கிறது. போன வருஷம் இரண்டு முறை கள்ள ஐந்நூறு வாங்கி ஏமாந்தோமே, அந்தப் பயமும் இல்லை.

எல்லாம் சரியாக இருக்கும்போது உனக்கு என்ன கோபம் என்றுதான் விளங்கவில்லை. சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவு போடுவாய் என்றும் எழுது. சீக்கிரம் வந்துவிடு.

இப்படிக்கு,
கைலாசம்

வாலாஜாபாத்
8-8-2025

உயர்திரு ரொக்கம் வாங்காத கடைக்காரர் அவர்களுக்கு,

காவேரி எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறியதுபோலத்தான் இருக்கிறது.

முப்பத்து மூன்று நாள் யோசித்தும் என் கோபம் விளங்கவில்லை என்றால் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இந்த டிபன் கடையைத் திறந்த அன்று, முதல் வியாபாரத்தில் வந்த ஐந்து ரூபாயை உங்கள் அம்மா என் கையில் வைத்து, "போணிக் காசு எப்பவும் உன்துதான்" என்றார்கள். அன்றிலிருந்து தினமும் போணிக் காசைக் கண்ணில் ஒற்றி, கல்லாவில் தனிக் கிண்ணத்தில் போட்டு வந்தவள் நான். அது என் சிறுவாடு. அதில்தான் உங்கள் கிரைண்டர் வந்தது. தினேஷ் காலேஜுக்குப் போட்டுப் போன முதல் ஷூவும் அதில்தான் வந்தது. உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அது சிறுவாடே இல்லை.

பதினோரு வருஷமாக அந்தப் போணியைச் செய்தது யார்? தெரு பெருக்கும் கங்கையம்மாள். காலை ஐந்தரைக்கு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாலு இட்லிக்கு நாலு பத்து ரூபாய் நாணயம் தருவாள். அவள் கைராசிக்காரி, அவள் போணி பண்ணினால் மாவு மிஞ்சாது என்று ஊரெல்லாம் சொன்னது நீங்கள்தான்.

போர்டு வைத்த அன்று அதே கங்கையம்மாளிடம் என்ன சொன்னீர்கள்? "காசு வாங்கறதில்லமா, போன்ல போடு" என்று போர்டைக் காட்டினீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குப் போர்டைக் காட்டினீர்கள். அவள் நாணயங்களை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். நான் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டி வாங்கியிருக்கலாம். நாலு பேர் முன்னால் புருஷனுக்கு எதிர்ப்பேச்சு வேண்டாமென்று சும்மா இருந்துவிட்டேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்தைவிட என் மேல் இருக்கிற கோபம்தான் அதிகம்.

அன்று சாயங்காலமே கல்லா மேசையை அறுநூறு ரூபாய்க்குப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு வந்தீர்கள். "இனிமே உனக்கு இன்னா வேல, வூட்ல காலை நீட்டி உக்காரு" என்றீர்கள். எனக்கு ஐம்பத்தொரு வயசுதான் ஆகிறது.

வா என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தால் நான் கடையில் எங்கே உட்காருவது? அதை மட்டும் எழுதுங்கள்.

பெருங்காயம் மிளகளவு.

காவேரி

செவிலிமேடு
12-8-2025

அன்புள்ள காவேரிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மிளகளவா! நான் நெல்லிக்காய் அளவு போட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் ஜனங்கள் மூக்கைச் சுளித்திருக்கிறார்கள்.

உட்கார இடம் கேட்டிருக்கிறாய். இதற்கா இவ்வளவு கோபம்? நல்ல பிளாஸ்டிக் நாற்காலி, கை வைத்தது, வாங்கிப் போடுகிறேன். ஃபேனுக்குக் கீழேயே போடுகிறேன்.

போணி விஷயம் நீ சொல்வது நியாயம். அதற்கும் வழி பண்ணிவிட்டேன். இன்று முதல் அன்றன்றைய போணிப் பணத்தை அப்படியே உன் கணக்குக்குப் போனிலேயே அனுப்புகிறேன். இன்று காலையிலேயே முதல் நாற்பது ரூபாயை அனுப்பியாயிற்று. அனுப்பின மறு நொடி, கடையை ஒட்டின நம் வீட்டுச் சமையலறை அலமாரியில் உன் போன் கிணுங்கென்று சத்தம் போட்டது. அதைச் சார்ஜில் போட்டு அங்கேதான் வைத்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். நமக்கென்று நீ நின்று தோசை வார்க்கிற இடம் காலியாக இருந்தது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது, காவேரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. கங்கையம்மாள் இப்போது எதிர்க்கடை ராமராஜனிடம் சாப்பிடுகிறாள். அவன் கடையில் ஒரு மாதமாக நல்ல கூட்டம். நமக்கு மாவு மிஞ்சுகிறது. பெருங்காயத்தால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் உள்ளுக்குள் உறுத்துகிறது.

இப்படிக்கு,
கைலாசம்

வாலாஜாபாத்
18-8-2025

தினேஷ் அப்பாவுக்கு,

போன் உங்கள் வீட்டு அலமாரியில். போணி அந்தப் போனுக்குள். காவேரி வாலாஜாபாத்தில். ஊருக்குப் போனவளுக்குப் பூட்டின வீட்டில் இலை போட்ட கதையாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் ஒட்டின கால் மறுபடி உடையப் பார்த்தது.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நேற்று ஒன்று நடந்தது, அதைச் சொல்கிறேன். அண்ணிக்குக் கால்வலித் தைலமும் பிஸ்கட்டும் வாங்க, இங்கே புதிதாகத் திறந்திருக்கிற கண்ணாடிக் கதவுக் கடைக்குப் போனேன். கூடையில் எடுத்துப் போட்டு, வரிசையில் நின்று, இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். "கேஷ் வாங்கறதில்லைங்க" என்றான் ஓர் ஆள். புத்தம் புதுத் தாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பின்னால் நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். காசு இல்லாமல் கடன் கேட்டு நின்றால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. கையில் காசை வைத்துக்கொண்டு பிச்சைக்காரிபோல நின்றேன். கங்கையம்மாளுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

பில் போடுகிற இடத்தில் சிம்ரன் என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் இருந்தாள். "ஆன்ட்டி, காசை என் கையில குடுங்க, என் போன்ல நான் போட்டுர்றேன்" என்று சொல்லி, தன் பர்ஸிலிருந்து மீதிச் சில்லறையையும் எடுத்துக் கொடுத்தாள். இரண்டே நிமிஷம். அந்தக் கடை உடைந்து போய்விடவில்லை. போர்டும் அங்கேயேதான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு என் போன் வேண்டும். தினகரனிடம் கொடுத்து அனுப்புங்கள். சார்ஜரும் வேண்டும்.

நாற்காலி வாங்க வேண்டாம்.

காவேரி

செவிலிமேடு
22-8-2025

அன்புள்ள காவேரி,

போனைக் கேட்டுவிட்டாய். நாற்காலி வேண்டாம் என்றும் எழுதிவிட்டாய். அங்கேயே இருந்துவிடத்தான் போனைக் கேட்கிறாயோ என்று இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. உன் பொருளை நான் வைத்துக்கொள்வது முறையில்லை. இதோடு அனுப்பியிருக்கிறேன். சார்ஜரையும் வைத்திருக்கிறேன்.

நேற்று கங்கையம்மாளைத் தேடிப் போனேன். குப்பை வண்டி அருகே டீ குடித்துக்கொண்டிருந்தாள். "தப்பு பண்ணிட்டேன்மா, நாளைக்கு வா, காசாவே குடு" என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சம்பளம் பேங்குக்குப் போவுதுங்க. கார்டு என் பையன் கையில கீது. தெனம் அம்பது ரூபா குடுப்பான். அதான் என் காசு. கோவம்லாம் ஒண்ணும் இல்ல. ராமராஜன் கடையிலயும் இட்லி நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணுங்க. நான் நீட்டினா காசத் தரையில வைன்னு சொன்னவங்க இந்த ஊர்ல எத்தினியோ பேரு. ஒங்க வூட்டம்மா மட்டும் என் கையிலேந்து வாங்கி கண்ணுல ஒத்திக்கும். பதினோரு வருசம். அதுக்குத்தான் நான் அங்க வந்துக்கினு இருந்தேன், இட்லிக்கா வந்தேன்? அம்மா ஒக்காரட்டும், வரேன்."

இருபத்திரண்டு வருஷமாக நீ கல்லாவில் காசு எண்ணுவதாக மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மரமண்டைக்கு வேறெதுவும் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

அங்கிருந்து நேரே பழைய சாமான் கடைக்குப் போனேன். நம் மேசை விற்காமல் மூலையில் கிடந்தது. அறுநூறுக்கு வாங்கினவன் ஆயிரம் கேட்டான். சரி என்று போனை எடுத்தேன். "போன்லாம் வேணாம் சார், ரொக்கமா குடுங்க" என்றான்! வீட்டில் தேடினால் ஒரு தாள்கூட இல்லை. ஏ.டி.எம்.மில் போய் நின்றால் அதில் பணம் தீர்ந்துவிட்டது. கடைசியில் நம் தினகரன்தான் கைமாற்றாக ஆயிரம் கொடுத்தான், அவனுக்குப் போனில் அனுப்பினேன். இதை அவன் உன்னிடம் கைகால் வைத்துச் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டேன். மேசையைத் துடைத்து அதே இடத்தில் போட்டிருக்கிறேன். இழுப்பறைப் பூட்டு மட்டும் போய்விட்டது.

உன் கிண்ணம் சமையலறையில் இருந்தது. நான் அதில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அதையும் தேய்த்து வைத்துவிட்டேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் மேசை அங்கேதான் இருக்கும். வந்தால் நன்றாயிருக்கும், காவேரி.

கைலாசம்

வாலாஜாபாத்
24-8-2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதமும் பொட்டலமும் வந்து சேர்ந்தன. தினகரன் மேசைக் கதையைக் கைகால் மட்டுமில்லை, வாலும் வைத்துச் சொன்னார். அதில் நீங்கள் ஏ.டி.எம். வாசலில் அழுததாக வருகிறது.

போனைத் திறந்தேன். பத்துப் போணி வந்திருந்தது. நாற்பது, நாற்பது, இருபது, அறுபது. ஞாயிறும் சுதந்திர தினமும் போக ஒரு நாள்கூட விடவில்லை நீங்கள். பக்கத்தில் நேரமும் காட்டுகிறது. கங்கையம்மாள் ஐந்தரைக்குச் செய்கிற போணி, ஆறே காலுக்கும் ஆறரைக்கும் ஆகியிருக்கிறது. அத்தனை நேரம் தனியாக இட்லித் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா? எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்கிறோமென்று யோசிக்காமல் அந்தப் போனையே கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "இன்னாடி காவேரி, போனைக் கும்புட்டுக்கினு கீற?" என்று அண்ணி சிரித்தாள். போணிம்மா என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அங்கேயே தங்கிவிட யாராவது போனைக் கேட்பார்களா? உங்கள் புத்தியை என்ன சொல்ல! சிம்ரன் செய்தாளே, அதை நான் நம் கடையில் செய்யலாமென்றுதான் கேட்டேன். போனில் கொடுப்பவர்கள் உங்கள் பெட்டியிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடட்டும். கையில் காசு வைத்திருப்பவர்கள் என் மேசைக்கு வரட்டும். சில்லறை என் பொறுப்பு, கள்ள நோட்டு பார்ப்பதும் என் பொறுப்பு. கையில் காசே இல்லாமல் உங்களைப்போல் தவிக்கிறவர்கள் எனக்குப் போனில் போட்டால், நான் ரொக்கம் தருவேன்.

நீங்கள் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். புதுப் பாவு நூலைத் தறியில் ஏற்றும்போது பழைய பாவு நூலை வெட்டி எறிந்துவிட்டா ஏற்றுவார்கள்? பழையதன் முனையில் இழை இழையாகப் பிணைத்துத்தானே இழுப்பார்கள்? உங்கள் அப்பா செய்து நீங்கள் பார்த்திருப்பீர்கள். போர்டைக் கழற்றிவிடுங்கள். பெட்டி இருக்கட்டும், அந்தக் குரல் எனக்கும் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தினகரனின் முதல் வண்டியில் வருகிறேன். ஐந்தேகாலுக்கு நம் ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். கங்கையம்மாளுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். பூட்டு நான் வந்து போட்டுக்கொள்கிறேன். கிண்ணத்தில் புளி வாசனை போயிருக்காது, இன்னொரு முறை தேயுங்கள்.

பஸ் கொஞ்சம் தாமதமாகி, அதற்குள் யாராவது அவசரமாகப் போனை நீட்டினால், ஐந்து நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். போணிக்கு ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காவேரி