மாமி வீட்டு உப்பும் என் பல்லும்

பிப்ரவரி 3, செவ்வாய்
உப்புக் கம்பெனி ஆய்வகத்தில் இன்று இருபத்திரண்டு மாதிரி. எல்லாவற்றிலும் அயோடின் சரியாக இருந்தது. மதியம் ரெக்சன் துறைமுகத்திலிருந்து போன் செய்தான். எங்கள் விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டானாம். "அம்மா ஒன்னப் பாக்கணும்ங்காவ. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வா." இழுவைப் படகில் அவ்வளவு பெரிய கப்பல்களை இழுத்து வருகிறவன், அம்மா என்றதும் குரல் இறங்கிவிடுகிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு
போனேன். ரெக்சனின் அம்மா, என் வருங்கால மாமி, பெயர் அல்போன்சா. சீலா மீன் குழம்பு அபாரம். ரெக்சன் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தேன். மாமியின் கண் என் பல்லில் நின்றது. மகனை அடுக்களைக்குள் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் பாம்புச் செவியாயிற்றே.

"ஏலே, புள்ள பொகையில போடுதாளோ?"

புகையிலையாம். வெற்றிலை கூடத் தொட்டதில்லை நான். பத்து வயதுவரை, அப்பா வேலை பார்த்த ஊரின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தேன். அதில் புளோரைடு அதிகம். அந்தப் பழுப்புக் கறை இது.

நானும் பார்த்தேன். மாமியின் கழுத்தில் வீக்கம். அதை மறைக்கச் சங்கிலியை ஏற்றிப் போட்டிருக்கிறார்கள். அடுக்களை ஜாடியில் மாமியின் அண்ணன் உப்பளத்துக் கல்லுப்பு. பாக்கெட் உப்பு இந்த வீட்டுப் படி ஏறாதாம். கை கழுவும் சாக்கில் ஒரு சிட்டிகையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வேறு. கர்த்தர் மன்னிக்கட்டும்.

பிப்ரவரி 9
சோதித்தேன். அயோடின் சுத்தமாக இல்லை.

பிப்ரவரி 10
புகையிலைப் பல்லுக்காரி வேண்டாம் என்கிறார்களாம் மாமி. ரெக்சன் பேசப் பேச அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. ஒரு வெள்ளைத் தாளில் அறிக்கை எழுதினேன்: "மாதிரி: அல்போன்சா அம்மாள் அடுக்களை. அயோடின்: இல்லை. குறிப்பு: சோதித்தவர் புகையிலை போடுவதில்லை." அம்மா கண்ணில் படுகிற மாதிரி வை என்று ரெக்சனிடம் கொடுத்தனுப்பினேன்.

ஏன் இப்படிச் செய்தேன்? கல்யாணம் போனால் போகட்டும் என்றா? இல்லை. போகக் கூடாது. அவன் இல்லாமல் எனக்கு ஆகாது.

பிப்ரவரி 12
கம்பெனி வாசலில் மாமி. கையில் தூக்குவாளி நிறைய உப்பு.

"எங்க வீட்டு உப்பத் திருடுனவ நீதான?"

"ஒரு சிட்டிகதான், மாமி."

"கடல்தண்ணியில வெளஞ்ச உப்புல அயோடின் இல்லேங்குதியே. கடல்ல இல்லாதது பாக்கெட்டுல இருக்காக்கும்?"

"கடல்ல இருக்கு. மீனுல சேரும். உப்பா வெளையும்போது தங்காது. அதான் நாங்க தனியாச் சேக்கோம்."

நம்பவில்லை. சோதனைக் குப்பியை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். எங்கள் உப்பில் ஒரு சொட்டு விட்டார்கள். ஊதாவாக மாறியது. அண்ணன் உப்பில் விட்டார்கள், வெள்ளை. இன்னும் மூன்று சொட்டு விட்டுப் பார்த்தார்கள். வெள்ளையேதான்.

குப்பியை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு, "அப்ப ஒம் பல்லு?"

சொன்னேன். புளோரைடு அளவோடு இருந்தால் பல்லுக்குக் காவல், சின்ன வயதில் கூடிப்போனால் கறை. "எனக்குக் கூடிட்டு. ஒங்களுக்கு அயோடின் கொறஞ்சிருக்கலாம். கழுத்த டாக்டர்ட்ட காட்டுங்க, மாமி."

கை சங்கிலிக்குப் போனது. "ரெண்டு வருசமா இருக்கு. பயமாருக்குளா" என்றார்கள். சண்டைக்கு வரிந்து கட்டி நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 16
நான்தான் கூட்டிப் போனேன். பயப்பட ஒன்றுமில்லை. தைராய்டு குறைவு, தினமும் மாத்திரை. உப்பு மட்டும்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனாலும் உப்பை மாற்றச் சொன்னார். வரும் வழியில் மாமியே பாக்கெட் வாங்கினார்கள். அண்ணனிடம் சொல்லிவிடாதே என்று என்னிடம் சத்தியம் வேறு.

ஏப்ரல் 19, ஞாயிறு
நிச்சயம் முடிந்தது. மோதிரம் போட்ட கையோடு ரெக்சனின் பெரியம்மா ஒருத்தி, எல்லாருக்கும் கேட்க, "பொண்ணு பொகையில போடுமோ?" என்றாள்.

நான் வாய் திறக்கும் முன்னே மாமி எழுந்துவிட்டார்கள். "அது புளோரைடு, அக்கா, தண்ணிக் கோளாறு. எம் மருமவ பல்லுல ஒரு குத்தமும் இல்ல. ஒங்க வீட்டு உப்புல ஒரு சிட்டிக கொண்டாங்க, என்ன லட்சணம்னு பாப்போம்" என்று கைப்பையைத் திறந்தார்கள்.

உள்ளே எங்கள் ஆய்வகத்துக் குப்பி.