பலூனில் பறந்த வாயுவும் பங்குக் கிணற்று அறிக்கையும்

மனுதாரர்: திருமதி கமலாவதி ஆழ்வாப்பிள்ளை, மரக்கறித் தோட்டக்காரி, சண்டிலிப்பாய்.

பெறுநர்: ஆணையாளர், ஆய்வுகூட மேற்பார்வைப் பிரிவு, யாழ்ப்பாணம்.

விடயம்: வாயு இருப்பும் வெற்றிட அமுக்கமும் பாராமல் இயக்கிய இயந்திரம் தந்த நீர் அறிக்கையை இரத்துச் செய்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனது காணியிலுள்ள கிணறு எனக்கும் அயலவர் ஏரம்பு அண்ணைக்கும் பங்குக் கிணறு. சென்ற மாதம் அவர் கிணற்றுக்கட்டில் வைத்துப் பூச்சிமருந்து கலக்கையில் போத்தல் திறந்தபடியே உள்ளே விழுந்தது. அறிக்கை வரும்வரை தண்ணீர் அள்ளக்கூடாதென்று சுகாதாரப் பரிசோதகர் தடை விதித்தார். அது நியாயமே.

2. அவ்வேளை எமது பகுதியில் புதிய நீர்ப் பரிசோதனை நிலையம் திறக்கப்பட்டது. முதல் மாதிரி என்னுடையது. திறப்புவிழா மேடையில் எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது. நீரிலுள்ள நஞ்சைக் காட்டும் திணிவு நிறமாலைமானி என்ற இயந்திரத்துக்கு மாலையும் சந்தனப்பொட்டும் இட்டிருந்தார்கள். அதன் உள்ளிருக்கும் காற்றை முதல்நாளே பம்பியால் இழுத்து வெற்றிடமாக்க வேண்டுமாம். பிரதம விருந்தினர் சுபவேளையில் மின் ஆளியை அழுத்துமுன் இயந்திரம் ஓடுவது அபசகுனம் என்று விழாக்குழு மறித்துவிட்டது. மாதிரியை உள்ளே கொண்டுசெல்லும் ஹீலியம் வாயுவோ விழாப் பலூன்களுக்குள் போயிருந்தது. பலூன்கள் வெகு அழகாகப் பறந்தன என்பதை நன்றியுடன் பதிகிறேன்.

3. ஆளி அழுத்தப்பட்டது. திரையில் ஒரு நேர்கோடு ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். அங்கு பணிபுரியும் இரசாயனவியலாளர் செல்வி தனுஷிகா மட்டும், "அன்ரி, காஸும் இல்லை, வெற்றிடமும் வரேல்லை. உந்த மெஷின் ஒண்டையும் பாக்கேல்லை" என்றார். தன் பெயரை எழுதும்படி அவரே சொன்னார்.

4. 'நஞ்சு இல்லை, குடிப்பதற்கு உகந்தது' என அறிக்கை வந்தது. மகிழ்ந்திருப்பேன். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க உதவுமென்று அதே வகைப் பூச்சிமருந்திலும் கொஞ்சம் தனிப் போத்தலில் கொடுத்திருந்தேன். அதுவும் குடிப்பதற்கு உகந்ததாம். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்கள். இங்கே இயந்திரம் கண்ணை மூட நஞ்சே இல்லாமற் போயிற்று.

5. அறிக்கையை நம்பித் தடை நீக்கப்பட்டது. நான் கிணற்று மூடியைப் பூட்டினேன். "கவுண்மேந்தே குடிக்கலாமெண்டு எழுதித் தந்திருக்கு, உனக்கென்ன பிள்ளை?" என்று கேட்ட ஏரம்பு அண்ணை, பங்குத் தண்ணீரை மறுக்கிறேன் என்று பொலிஸில் முறையிட்டுள்ளார். எனக்கு அவர்மேல் கோபம்தான். அவர் வீட்டிலிருக்கும் பேரப்பிள்ளைமேல் எந்தக் கோபமும் இல்லை, பயம்தான் இருக்கிறது.

6. ஆகவே, அவ்வறிக்கையை இரத்துச் செய்து, வாயுவையும் வெற்றிட அமுக்கத்தையும் சரிபார்த்தபின் தண்ணீரை மீண்டும் சோதிக்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு நாள் பார்க்க வேண்டாம். அதுவரையில் பொலிஸார் என்னைக் கைது செய்வதாயின் செய்யட்டும். பூட்டில் மட்டும் கைவைக்க வேண்டாமென்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வயதாகவில்லை. அறிக்கை வாசிக்கத் தெரியாது, கொடுப்பதைக் குடிக்கும்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்) க. ஆழ்வாப்பிள்ளை

இடம்: சண்டிலிப்பாய்
திகதி: 2025.03.11