மலரின் சைவம்

7 ஒக்டோபர் 1996, திங்கள்

சிரோக்கோ. ஆபிரிக்காவிலிருந்து சிசிலிக்கு வரும் காற்று, மணலோடு. காயப்போட்ட துணி எல்லாம் செம்மண் நிறம். தலையிடி.

மனைவி மலரின் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, 15ஆம் திகதி முடிகிறது. புதுப்பிக்க வேலை கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும். வேலை கொடுப்பவர் கால்சாவில் குடியிருக்கும் அமெரிக்கப் பாஸ்டர் (இனி பா.). அவள் அங்கே சமையல், துப்பரவு. நான் ஞாயிறுகளில் அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வாய். மற்ற நாட்களில் இன்னொரு வீட்டில் தரை துடைக்கும் கை.

இன்று கேட்டேன். பா. நல்ல மனிதர், அதுதான் சிக்கல். மறுக்கவில்லை. தோளில் தட்டினார். மலரின் சம்பளம் அமெரிக்காவில் உள்ள சபையிலிருந்து வருகிறது. சபைப் பெரியவர்கள் மூவர் ஞாயிறு வருகிறார்கள். "ஒரு சாட்சி கேட்க ஆசைப்படுகிறார்கள். மலர் சொல்லட்டும். கேட்டால் இன்னொரு வருடம் சம்பளம் தருவார்கள். திங்களே கையெழுத்து."

பிரான்காச்சோவில் நடக்கும் ஞாயிறு ஜெபக் கூட்டத்துக்கு மலர் வருவது தேத்தண்ணி ஊற்ற. பா. அதை விசுவாசம் என்று எண்ணியிருக்கிறார்.

8, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. மலரிடம் சொன்னேன்.

"சாட்சியோ? ஆரை ஆர் வெட்டினது?"

"இல்லையப்பா. நீர் யேசுவிட்டை எப்பிடி வந்தனீர் எண்டு சொல்ல வேணும்."

"நான் அவரிட்டை வரேல்லையே. பஸ்ஸிலை பிரான்காச்சோவுக்குத்தான் வந்தனான்."

"கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம்."

"சாமி விசயத்திலை பொய் சொல்ல மாட்டன். வேற என்னத்திலை எண்டாலும் சொல்லுறன், கேளுங்கோ."

பெர்மெஸ்ஸோ போனால் என்ன நடக்கும் என்று விளக்கினேன். தெரியுமாம். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். கண்ணீர் வெங்காயத்தினதா என்று கேட்கவில்லை.

9, புதன்

பா.வின் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்று இரவல். அமெரிக்கச் சரித்திரம். எதிராளியின் சட்டத்தைப் படித்து வைப்பது யாழ்ப்பாணத்துப் பழக்கம்.

தங்கள் விருப்பப்படி கும்பிடவென்று கப்பல் ஏறியிருக்கிறார்கள். இறங்கியதும், வேறு விதமாகக் கும்பிட்டவர்களை ஊரை விட்டுத் துரத்தியிருக்கிறார்கள். கோயில் நிர்வாகசபையில் இரண்டு வருடம் இருந்தவன் நான். புதிதாக ஒன்றுமில்லை.

அரசியல் சாசனத்தில் கடவுள் இல்லை. காசில் இருக்கிறார்.

அரசுக்கும் மதத்துக்கும் நடுவே சுவர் இருக்கிறதாம். யார் எந்தப் பக்கம் நகர்த்தினார் என்று இருநூறு வருடமாக வழக்கு. இது சுவர் அல்ல, எங்கள் ஊர் வேலி.

அரச பதவிக்கு எவருக்கும் மதச் சோதனை கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சமையற்காரிக்கு என்று எழுத மறந்துவிட்டார்கள்.

போன நூற்றாண்டில் எங்களிடமும் கப்பலில் வந்தவர்கள் இவர்கள். பள்ளிக்கூடத்தை வாங்கிக்கொண்டோம். ஞானஸ்நானத்தை அவர்களிடமே விட்டுவிட்டோம். என் ஆங்கிலம் அப்படி வந்ததுதான். இப்போது வட்டி கேட்கிறார்கள்.

10, வியாழன்

மழை இரண்டு துளி. முகம் கழுவக் காணாது.

மலரைக் கூட்டிவரப் போனபோது பா. குசினிக்குள் வந்தார். முன்பு அவளுடைய மதம் என்ன என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"சைவம்," என்றாள் மலர்.

நான் வாய் திறக்குமுன் பா.வின் முகம் மலர்ந்தது. அவருக்கு இருபது தமிழ்ச் சொல் தெரியும், பாதி சாப்பாட்டுக் கடையில் படித்தது. "சைவம்! மரக்கறி மட்டும் சாப்பிடுவது! அவளுக்கு அதுதான் மதமாக இருந்திருக்கிறது, பாவம்."

திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

மலர் வெள்ளிக்கிழமை மட்டும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டாள். மற்ற நாட்களில் கணவாயைக் கண்டால் கட்டியவனை மறந்துவிடுவாள்.

11, வெள்ளி

பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. பிள்ளையாருக்கு ஏழு தேங்காய் நேர்ந்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன்.

"பாஸ்டர் கையெழுத்து வைக்க."

இதற்குப் பிறகும் அந்த மனிதர் தப்ப முடியுமா?

12, சனி

நான் எழுதிக் கொடுத்த சாட்சி மூன்று வரி. படித்தாள். மடித்து, ஆடும் மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள். மேசை இப்போது ஆடவில்லை.

13, ஞாயிறு

காலை எட்டுக்கு பஸ். பிரான்காச்சோவில், பழைய வாகனத் திருத்துமிடம் ஒன்றுதான் எங்கள் தேவாலயம். எண்ணெய் மணம். முன்வரிசையில் அமெரிக்கப் பெரியவர்கள் மூவர், ஒரே மாதிரிக் கழுத்துப்பட்டி.

மலர் எழும்பினாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தாள்.

"நான் பிறந்ததும் சைவம். இப்பவும் சைவந்தான். பிள்ளையாரைத்தான் கும்பிடுறன். ஆனா பாஸ்டர் வீட்டிலை என்னை மனிசியாய் நடத்தினம். அவையள் நல்லாயிருக்க வேணும்."

'சைவம்' வந்த இடமெல்லாம் பா. தலையாட்டினார்.

எல்லாக் கண்ணும் என்மேல். நான் சொன்ன ஆங்கிலம்: பிறப்பிலிருந்து மரக்கறி, இன்றும் மரக்கறி, கடவுளைக் கும்பிடுகிறாள், பாஸ்டர் வீட்டாருக்கு நன்றி. பிள்ளையார் கடவுள் இல்லை என்று எவராவது நிரூபிக்கட்டும்.

கைதட்டல் சுமார். ஒரு பெரியவர் பா.வின் காதில், "அவ்வளவுதானா?" என்றது எனக்கும் கேட்டது.

பிறகு எல்லாரும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு. கடலோரக் கடை. மலருக்கென்று பா. தனியாகக் கத்தரிக்காய் சொல்லியிருந்தார். அவளோ நடுத்தட்டிலிருந்து கணவாய் ஒன்றை எடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, வாயில் போட்டாள். இன்னொன்று. பிறகு பத்து.

பா.வின் முள்ளுக்கரண்டி பாதியில் நின்றது. பெரியவர்களுடையதும்.

"அவள் சைவம் அல்லவா?" என்றார் பா.

ஆங்கிலத்தில் இறந்தகாலம் மிகச் சிறிய சொல்.

"இருந்தாள்," என்றேன்.

பா.வின் கண் நிறைந்தது. எழும்பினார். இன்று காலைவரை கட்டுண்டிருந்தவள் இந்த மேசையில் விடுதலையானாள் என்றார். பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பா. மலரிடம் நேரே குனிந்து கேட்டார்: அடுத்த ஞாயிறு, இந்தக் கடலில், முழுக்கு ஞானஸ்நானம். சம்மதமா?

மலர் வாய் நிறைய என்னைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"சாப்பாடு பிடிச்சுதோ எண்டு கேக்கினம்."

"ஓமோம்!" அவளே பா.வைப் பார்த்துத் தலையாட்டினாள், இரண்டு தரம். "நல்லாய்ப் பிடிச்சுது எண்டு சொல்லுங்கோ."

மேசை முழுக்கக் கைதட்டல். பக்கத்து மேசைச் சிசிலியர்களும் தட்டினார்கள், பிறந்தநாள் என்று நினைத்து.

14, திங்கள்

காற்று நின்றது. கையெழுத்து ஆயிற்று. அனுமதி புதுப்பிக்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் மூன்று மணி நேரம் வரிசை. அதிகாரியின் தலைக்கு மேல் சிலுவை. பா. அதைக் காட்டி, "எங்கள் நாட்டில் அரச அலுவலகத்தில் இதற்கு இடமில்லை," என்றார், பெருமையாக. முத்திரை விழுந்தது. பற்றுச்சீட்டு மலரின் கைப்பையில்.

ஞானஸ்நானத்தைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று வேண்டாம். மகிழ்ச்சியாக இருக்கிறாள்.

15, செவ்வாய்

வெயில். தேங்காய் ஏழு வாங்கினேன். ஒன்று அழுகல்.

மலர் வேலையால் வந்து, செருப்புக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"பாஸ்டரின்ரை மனிசி இண்டைக்கு என்ரை தோளையும் இடுப்பையும் அளந்தவ. நீட்டு வெள்ளைச் சட்டை ஒண்டு தைக்கிறாவாம். நனைஞ்சாலும் உடம்பு தெரியாத துணியாம். ஏனப்பா?"